எட்டரை மணிக் கணக்கு

நம் இயற்கை விவசாயக் கூட்டங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. நிறையப் பேசுகிறோம், தேதி மட்டும் சொல்வதில்லை. "முன்னெல்லாம் ஐப்பசி பொறந்தா வானம் கிழிஞ்சிடும் சார்." "எங்க தாத்தா காலத்துல இந்த ஏரி வத்தினதே கிடையாது." "போன தடவ புயல் வந்தப்ப இடுப்பளவு தண்ணி." எந்த வருஷம்? எந்த மாசம்? எத்தனை நாள் நின்றது? கேட்டால் பேச்சு நின்றுவிடும், அல்லது ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அங்கே அன்றைய டே புக் அன்றே நேராக வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் கேஷியர் முதல் மேனேஜர் வரை எவரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கத்தோடுதான் செங்கல்பட்டுப் பக்கம் இந்த நிலத்துக்கு வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே ஒரு நோட்டு போட்டேன். நாளுக்கு ஒரு பக்கம். காலை எட்டரை மணிக்கு மழையளவு, காற்று எந்தப் பக்கம், வானம் எப்படி. அதற்குக் கீழே வயலில் என்ன நடந்தது. இன்னும் கீழே, அன்றைக்குப் பேப்பரில் படித்ததில் விவசாயிக்கு ஒட்டுகிற செய்தி ஒன்று. இடம் இருந்தால் ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதை, சரித்திரம், எதுவும். "பேங்க் சார் இன்னும் லெட்ஜர் எழுதுறாரு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த நோட்டு ஒவ்வொரு பண்ணையிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான வாதத்தைத்தான் இங்கே வைக்கிறேன்.

எட்டரை மணி ஏன் என்று கேட்பீர்கள். நாடு முழுக்க வானிலைத் துறை மழையை அளக்கும் நேரம் அது. நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். நாமும் அதே நேரத்தில் அளந்தால்தான் அவர்கள் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிட முடியும். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 4,047 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்த காலையில் உங்கள் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் அன்று மோட்டார் போடலாமா என்பதை வேறு மாதிரி யோசிப்பீர்கள்.

சரி, அரசாங்கம்தான் அளக்கிறதே, நாம் எதற்கு? 2015 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அதே நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் சுமார் 29. மின்சார ரயிலில் முக்கால் மணி நேர தூரத்துக்குள் 20 சென்டிமீட்டர் வித்தியாசம். உங்கள் வயல் எந்த மழைமானியிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? இடையில் என்ன பெய்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, நீங்கள் எழுதினால் ஒழிய.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. (பெயர் ஐக்கிய அரபு அமீரகம் கொடுத்தது. பொக்கிஷப் பெட்டி என்று அர்த்தமாம். நமக்குப் பெட்டி திறந்த விதத்தைப் பார்த்தோம்.) அதற்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் எங்கள் தாங்கலுக்குக் கீழே உள்ள சம்பா வயல்களில் தண்ணீர் நின்றது. கணக்கெடுக்க வந்தவர் கேட்டது இரண்டே கேள்வி: எந்தத் தேதியில் ஏறியது, எந்தத் தேதியில் வடிந்தது? பத்துப் பேர் பத்து பதில். சத்தம்தான் பெரிதானது. அப்போது பக்கத்து வயல் அக்கா வீட்டுக்குள் போய் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வந்தார். பால் கணக்குக்காகத் தாளின் பின்பக்கம் எழுதுபவர். "மாடு வரப்புல கட்ட முடியல, தண்ணி" என்று ஒரு தாளில். "இன்னிக்கு வரப்பு தெரிஞ்சுது" என்று எட்டு தாள் தள்ளி இன்னொன்றில். வந்தவர் அந்தத் தாள்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். என் நோட்டையும் பிடித்தார். மகசூல் இழப்பு 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பேரிடர் நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறும். எங்கள் பகுதி வயல்கள் அதில் ஏறின. வந்த தொகை பெரிதில்லை. ஆனால் மேட்டுத் தெருக்காரர்கள் இன்றுவரை என்னிடம் கேட்பது, "அந்த நோட்டு எந்தக் கடைல வாங்கினீங்க சார்?"

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதை. தனி வயலுக்கு வரும் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 72 மணி எப்போது தொடங்கியது என்பதற்கு உங்கள் கையில் என்ன சான்று?

காசை விட்டு இப்போது கதைக்கு வருகிறேன். நோட்டின் கீழ்ப்பாதியில் நான் எழுதும் சரித்திரமும் பழங்கதையும் வெறும் பொழுதுபோக்கு என்று என் மனைவி உட்படப் பலர் நினைக்கிறார்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே கணக்குதான் என்பதற்கு எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஜான் கோல்டிங்ஹாம். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். 1796-ல் அங்கே தினசரி வானிலைக் குறிப்புகள் தொடங்கின. சென்னையின் மழையளவு 1813 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. உலகத்தில் இவ்வளவு நீண்ட மழைக் கணக்கு உள்ள ஊர்கள் குறைவு. பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து உண்டு. பரங்கிமலையிலும் கோட்டையிலும் சுட்ட பீரங்கிச் சத்தம் எத்தனை விநாடியில் காதுக்கு வருகிறது என்று அளந்து, வெயிலுக்கும் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப ஒலியின் வேகம் மாறுவதைக் காட்டியவரும் இதே ஆள்தான்.

இந்த மனிதர் 1798-ல் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். பகலில் வெப்பமானி, ஓய்வில் பழைய கோயில். அவருக்கு முன்னால் வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772-லும் 1776-லும் அங்கே போய், ஊரார் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதி 1788-ல் அச்சிட்டார். அந்தக் கதை இது. மகாபலி வம்சத்தில் ஒரு ராஜா. தேவலோகப் பெண் ஒருத்தி அவன் மேல் ஆசைப்பட்டு, வேஷம் போட்டு இந்திர சபைக்கு அழைத்துப் போனாள். அங்கே பார்த்த ஆடம்பரத்தை எல்லாம் திரும்பி வந்து தன் நகரத்தில் கட்டினான். தேவர்களுக்குப் பொறாமை வந்து கடல் ராஜனிடம் சொல்ல, கடல் ஊரை விழுங்கியது. இதோடு சேம்பர்ஸ் இன்னொன்றும் எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் தங்கள் இளவயதில், கடலுக்குள் தூரத்தில் கோயில் உச்சிகள் செம்புத் தகடு போர்த்தி விடியற்காலை வெயிலில் மின்னியதைப் பார்த்ததாகச் சொன்னார்களாம். இப்போது ஏன் தெரியவில்லை என்றால், செம்பில் பாசியும் களிம்பும் ஏறிவிட்டது என்று பதில். எனக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். சாட்சி கைவிட்டுப் போனாலும் காரணம் கைவசம் இருக்கிறது!

200 வருஷத்துக்கு மேல் படித்தவர்கள் இதைக் கட்டுக்கதை என்றே ஒதுக்கினார்கள். 2004 டிசம்பர் 26 காலை சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியபோது, மாமல்லபுரத்தில் கரையில் நின்றவர்கள் தண்ணீருக்குள் வரிசையாகப் பாறைகளும் கட்டுமானம் போன்றவையும் தெரிந்ததாகச் சொன்னார்கள். அடுத்த மாதங்களில் தொல்லியல் துறையும் கடற்படையும் சேர்ந்து கடலடியில் தேடின. இதைவிடப் பெரிய விஷயம் கொஞ்சம் வடக்கே, சாளுவன்குப்பத்தில், புலிக்குகைக்குப் பக்கத்தில் நடந்தது. அலை மணலை அரித்ததில் ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலுக்குக் கொடுத்த தானத்தை அது சொல்கிறது. கோயில் எங்கே? கண்ணுக்கு எட்டிய வரை மணல்மேடுதான். 2005-ல் தோண்டினார்கள். மணலுக்கு அடியில் கோயிலின் அடித்தளம், ஒரு கல் வேல். அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கோயில், சங்க காலத்தது என்று தொல்லியலார் கணிக்கிறார்கள். கடல் பொங்கி வந்து அழித்ததற்கான அடையாளங்களும் அந்த மண் அடுக்குகளில் இருப்பதாகச் சொன்னார்கள்.

இங்கே நான் பார்ப்பது இது. கடல் வந்தது என்பதைக் கதை காப்பாற்றி வைத்தது. எங்கே, என்ன பெயர், யார் கொடுத்த பொன் என்பதைக் கல்வெட்டு காப்பாற்றியது. இரண்டில் எதை விட்டிருந்தாலும் கணக்கு நேராகியிருக்காது. எந்த வருஷம், எந்த மாசம் கடல் வந்தது என்பதைப் பதிந்தவர் மட்டும் இல்லை. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உப்பேறிய வயல்களை மீட்க நம்மாழ்வார் ஐயாவும் தோழர்களும் பாடுபட்டது நமக்கெல்லாம் தெரியும். அங்கேயும் எந்த வயலில் என்ன போட்டு எத்தனை மழைக்குப் பின் மண் திரும்பியது என்று எழுதி வைத்தவர்களின் அனுபவம்தான் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும்.

மதுராந்தகம் ஏரிக்கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1790-களில் கும்பினி கலெக்டர் லியோனல் பிளேஸ். வருஷா வருஷம் கரை உடைகிறது. கோயிலில் தாயார் சந்நிதிக்கு வைத்திருந்த கல்லைக் கரைக்குக் கேட்கிறார். "உங்கள் ராமர் இந்த வருஷம் கரையைக் காப்பாற்றினால் சந்நிதியை நானே கட்டித் தருகிறேன்" என்கிறார். அடைமழை இரவில் குடையோடு போய்ப் பார்த்தால் கரை மேல் வில்லோடு இரண்டு இளைஞர்கள். மறுநாள் கரை பத்திரம். அன்றிலிருந்து ஏரி காத்த ராமர். பக்தர்கள் நம்பட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே பிளேஸ் 1799-ல் இந்த ஜாகீரைப் பற்றி எழுதிய நீண்ட அறிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏரிகளைச் செப்பனிடுவது, வரி, மிராசு எல்லாம் அதில் வருகிறது. ராமரைப் பார்த்த துரையை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது, மராமத்துக் கணக்கு எழுதிய துரையை மறந்துவிட்டது. கலங்கலுக்கும் மதகுக்கும் பொறுப்பான நீர்க்கட்டியின் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

அதற்கு முப்பது வருஷம் முன்னால், 1767-லிருந்து 1774 வரை, பார்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் சுமார் 2,000 கிராமங்களைச் சர்வே எடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் வைத்திருந்த கணக்குதான் அதற்கு அடிப்படை. தரம்பால் தேடி வெளிக்கொண்டு வந்த ஆவணங்களில் இதுவும் ஒன்று. பின்னால் பஜாஜும் சீனிவாஸும் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். நம் மேடைகளில் அந்தக் காலத்து மகசூலைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். என் வங்கிக் கண்ணுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது களத்திலேயே பிரித்துக் கொடுத்த பங்குகள். தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியான், கோயில், கணக்குப்பிள்ளை, ஏரி மராமத்து, ஒவ்வொன்றுக்கும் நெல்லில் ஒரு பங்கு. ஏரிக்கென்று களத்தில் நெல் ஒதுக்கிய ஊர், மழை வந்தபின் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுப் பராந்தகச் சோழன் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது, நமக்குத் தெரியும். அதே கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது என்கிறது. குடவோலையைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வரியைச் சத்தமாக வாசிப்பதில்லை.

இனி திருக்கழுக்குன்றம். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் தலைமுறையில் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் அந்த மலை ஏறாமல் இருந்திருக்க மாட்டார்கள். உச்சிவேளைக்கு முன் குருக்கள் பாறையில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கலும் நெய்யும் வைப்பார். இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு ராமேஸ்வரம் போகிற வழியில் இங்கே சாப்பாடு என்பார்கள். எட்டு முனிவர்கள் சாபம் வாங்கி, யுகத்துக்கு இரண்டு பேராகக் கழுகாக வருகிறார்கள், இவர்கள் கடைசி ஜோடி என்று கதை. ஒரு நாள் வரவில்லை என்றால், கூட்டத்தில் பாவி எவனோ இருக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். சிறுவனாக இருந்தபோது அந்தப் பாவி நானாக இருக்குமோ என்று பயந்தது ஞாபகம் இருக்கிறது.

பறவை நூல்களில் அது மஞ்சள்முகப் பாறு. பிணந்தின்னிக் கழுகு வகை. 1990-களின் கடைசியில் வருவது நின்றது. எந்த வருஷம், எந்த மாசம் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கலி முற்றிவிட்டது, கடைசி ஜோடிக்குச் சாபம் தீர்ந்துவிட்டது என்பது ஊர் விளக்கம். ஆனால் அதே பத்து வருஷங்களில் இந்தியா முழுக்கப் பாறுக் கழுகுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டன. 2004-ல் காரணம் தெரிந்தது. மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் டைக்குளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அந்தச் சடலத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும், சில நாளில் சாவு. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் இரண்டுக்கும் தடை வந்தது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டும் என்றால் முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும்.

மாடு வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி போட வருகிறவரிடம் மெலோக்சிகாம் இருக்கிறதா என்று கேளுங்கள், அது கழுகுக்குக் கெடுதல் செய்யாதது. பழைய சரக்கை எவராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த ஊரில் சங்கு தீர்த்தக் குளம் இருக்கிறது. 12 வருஷத்துக்கு ஒரு முறை அதில் சங்கு பிறக்கும் என்று நம்பிக்கை. அந்தக் கணக்கை ஊர் விடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. தினமும் வந்த விருந்தாளியின் கணக்கு மட்டும் விட்டுப்போய்விட்டது. வந்தது எத்தனை மணி, ஒன்றா இரண்டா, கூடக் குஞ்சு இருந்ததா, எந்த வாரம் தொடர்ந்து வரவில்லை என்று குன்றின் அடியில் ஒரு பூக்கடைக்காரர் காலண்டர் தாளில் எழுதியிருந்தால் போதும். டைக்குளோஃபினாக் எப்போது இந்த வட்டாரத்துக்குள் வந்தது என்பதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அந்த இரண்டு பறவையும் ஊசியில் செத்தனவா, வயதாகிச் செத்தனவா, பொங்கல் நின்றதால் வேறெங்கோ போனவையா என்பதை இனி நிரூபிக்க வழியில்லை. நம் வயலில் தட்டான் குறைந்தது, தூக்கணாங்குருவிக் கூடு இல்லாமல் போனது, நண்டு வளை மறைந்தது என்று நாம் சொல்லும்போதும் இதே நிலைமைதான்.

கதை என்றால் எல்லாவற்றையும் நம்பச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மார்கழியில் கர்ப்போட்டம் பார்க்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. சூரியன் பூராடத்தில் இருக்கும் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 10, 11 வரை மேகம் கருக்கொள்கிறது, அந்த நாட்களில் மேகமும் காற்றும் தூறலும் எப்படியோ அப்படி அடுத்த மழைக்காலம் என்பார்கள். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் கருவுற்ற மேகம் 195-ஆம் நாள் பிரசவிக்கும் என்று இருக்கிறது. டிசம்பர் 29-லிருந்து 195 நாள் எண்ணினால் ஜூலை 12 வருகிறது. உஜ்ஜயினிக்காரருக்கு ஜூலை மழை சரி. நமக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அவர் நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்து நம் நெற்றியில் ஒட்டிக்கொள்வானேன்? என் நோட்டில் நான் கர்ப்போட்ட நாட்களைச் சிவப்பு மையில் குறிக்கிறேன். இதுவரை பொருந்தியதைவிடப் பொருந்தாததே அதிகம். இருந்தாலும் இன்னும் சில வருஷம் பார்த்துவிட்டுத்தான் முடிவு. ஈசல், தட்டான், எறும்பு முட்டை தூக்குவது எல்லாம் ஓரிரு நாள் கணக்கு. அவை அந்த அளவில் பரவாயில்லை. கொடும்பாவி கட்டி இழுத்து மழை வந்த கதைகளில், எத்தனை நாள் இழுத்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். வரும்வரை இழுத்தால் வராமலா போகும்?

உலகச் செய்தி எதற்கு நோட்டில் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைத் தலைவர். மேகத்தைப் பார்க்காமல் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவர். பல நாட்டு நிலையங்களின் பழைய காற்றழுத்த, மழைக் குறிப்புகளைக் கூட்டிக் கழித்து, பசிபிக் கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிறது, நம் பருவமழை அதோடு சேர்ந்து ஆடுகிறது என்று கண்டார். இன்று எல் நினோ என்று டிவியில் வருவதன் ஒரு பாதி அதுதான். எவரோ ஒரு குமாஸ்தா தினமும் எழுதியது நூறு வருஷம் கழித்து உலகத்தையே இணைத்தது.

ஆனால் செய்தியை நம் நோட்டோடு ஒட்டிப் படிக்க வேண்டும். எல் நினோ என்றால் வறட்சி என்று டெல்லியில் சொல்வார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் சரி. நம் வடகிழக்கு மழைக்கு எல் நினோ பெரும்பாலும் கூட்டித்தான் கொடுக்கிறது. 2015 பலமான எல் நினோ வருஷம், நாம் மூழ்கினோம். அது போன மறு வருஷம், 2016-ல், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. இந்த வேறுபாடு தெரியாமல் செய்தியை மட்டும் நம்பிச் சம்பாவைத் தள்ளிப் போட்டவர்களை நான் அறிவேன்.

1876-78 தாது வருஷப் பஞ்சமும் எல் நினோவில் தொடங்கியதுதான். மழை தவறியது பசிபிக் செய்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று தீர்மானித்தது ரிச்சர்டு டெம்பிள் என்ற மனிதர். அது உயிர் நிற்கப் போதாது என்று மெட்ராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் எண்களோடு சண்டை போட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது பக்கத்தில் கூடவே வரும் பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்கள். சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது.

கடைசியாக நம்மைக் குத்திக் காட்டும் ஒரு செய்தி. 2021 மே மாதம் இலங்கையில் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் உத்தரவை வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும், "இயற்கைன்னு போனா இலங்கை மாதிரி ஆயிடும்" என்று ஒருவர் எழுந்துவிடுகிறார். கோபப்பட்டுப் பயனில்லை. மண்ணை மாற்ற நம் சான்றிதழ் விதிகளே ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருஷம், மரப்பயிருக்கு மூன்று வருஷம் மாற்றுக்காலம் கொடுக்கின்றன. ஒரு நாட்டுக்கு ஒரு பருவம்கூடக் கொடுக்கவில்லை என்பது ஒரு பதில். இன்னும் நல்ல பதில், "என் நிலத்தில் முதல் வருஷம் இத்தனை மூட்டை, மூன்றாம் வருஷம் இத்தனை, செலவு இவ்வளவு, மழை இவ்வளவு" என்று நோட்டை விரித்துக் காட்டுவது. முதல் வருஷம் குறைந்திருந்தால் குறைந்தது என்றே காட்டலாம். தேதியோடு காட்டினால் எதிரில் இருப்பவர் உட்கார்ந்துவிடுவார். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மதுராந்தகம், செய்யூர் வட்டாரத்து வாசகர்கள் வருகிற அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை மழை அளந்து எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கை ஜனவரியில் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், ஊர்வாரியாகத் தொகுத்துத் தருவது என் பொறுப்பு. கடையில் விற்கும் மழைமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நேரான உடம்புள்ள இரண்டு லிட்டர் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, கோடு வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டை 0 என்று வைத்து அங்கிருந்து ஸ்கேல் ஒட்டுங்கள். மரத்துக்கோ கூரைக்கோ பக்கத்தில் வேண்டாம், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். எட்டரைக்குப் பாருங்கள், எழுதுங்கள், பழையபடி கோட்டுக்குக் கொண்டு வந்து விடுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டால், மழை பெய்யவில்லையா அல்லது நீங்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டீர்களா என்று எனக்குத் தெரியாது.